12 பழைய சர்வர்களை மாற்ற வேண்டும்: கரண்ட் மிச்சம் பார்ப்பதா, கோர் லைசென்ஸ் மிச்சம் பார்ப்பதா?

ரேக்கடி (கேள்வி)

வணக்கம். ஆயுள் முடிந்த 12 சர்வர்களை மாற்ற மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன. கணக்கு தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது இருப்பவை எல்லாம் 2 சாக்கெட் (சிபியூ சிப் பொருத்தும் இடம்), இன்டெல் ஜியான் கோல்டு 6130. சர்வருக்கு 32 கோர் (சிப்புக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகு). 8 சர்வரில் விஎம்வேர் (ஒரு சர்வரைப் பல மெய்நிகர் இயந்திரங்களாக, அதாவது விஎம்-களாகப் பிரிக்கும் மென்பொருள்), அதன்மேல் விண்டோஸும் லினக்ஸும் கலந்து ஓடுகின்றன. 2 சர்வரில் ஆரக்கிள் என்டர்பிரைஸ் எடிஷன், 2 நோட் ஆர்ஏசி (இரண்டு சர்வர் சேர்ந்து ஒரே டேட்டாபேஸை ஓட்டும் ஆரக்கிள் வசதி), 32 பிராசஸர் லைசென்ஸ். 2 சர்வரில் எஸ்க்யூஎல் சர்வர் என்டர்பிரைஸ், 32 கோருக்கு லைசென்ஸ், எஸ்ஏ (சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ், மைக்ரோசாஃப்டின் பராமரிப்பு ஒப்பந்தம்) நடப்பில் உள்ளது. இரண்டாவது சர்வர் பாஸிவ் (முதலாவது விழுந்தால் மட்டும் வேலையை ஏற்கும்). விண்டோஸ் டேட்டாசென்டர் 2019, 256 கோருக்கு வால்யூம் லைசென்ஸ் இருக்கிறது. அதன் எஸ்ஏ முடிந்துவிட்டது.

விஎம் கிளஸ்டரில் சிபியூ சராசரி 20%, மாதக் கடைசியில் உச்சம் 45%. மெமரி மொத்தம் 3 டிபி, பயன்பாட்டில் 2.2 டிபி. ஆரக்கிள் நோட் ஒவ்வொன்றிலும் ஏடபிள்யூஆர் (ஆரக்கிளின் செயல்திறன் பதிவு) அறிக்கைப்படி உச்ச நேரத்தில் வினாடிக்கு டிபி சிபியூ (டேட்டாபேஸ் எடுக்கும் சிபியூ நேரம்) 14. பிஎம்சி (சர்வரின் கண்காணிப்பு சிப்) காட்டும் சராசரி சர்வருக்கு 290 வாட். சர்வர் அறையின் பியூஇ (சர்வர் இழுக்கும் 1 வாட்டுக்கு அறை மொத்தம் இழுக்கும் வாட்) 1.7, யூனிட் 9 ரூபாய்.

கொட்டேஷன் 1: 2 சாக்கெட் ஜியான் கோல்டு 6448ஒய், சர்வருக்கு 64 கோர், விஎம்-களுக்கு 4 சர்வர், டேட்டாபேஸுக்குத் தனியாக 4. கொட்டேஷன் 2: 1 சாக்கெட் ஏஎம்டி எபிக் 9654பி, 96 கோர், 3 சர்வர் மட்டும், டேட்டாபேஸ் உட்பட எல்லாம் விஎம் ஆகிவிடும், கரண்ட் 60%-க்கு மேல் மிச்சம் என்கிறார்கள். கொட்டேஷன் 3: ஆரக்கிளுக்கு மட்டும் ஐபிஎம் பவர்10 எஸ்1022 இரண்டு.

5 வருடத்தில் எது மலிவு?

கோர்எண்ணி

முதலில் ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1 வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். உங்கள் பியூஇ 1.7-ஆல் பெருக்கினால் 14.9 யூனிட். யூனிட் 9 ரூபாய்க்கு 134 ரூபாய். ஆக உங்கள் அறையில் 1 வாட் என்றால் வருடத்துக்கு ரூ. 134. பழைய 12 சர்வரும் சேர்ந்து 3,480 வாட். வருடக் கரண்ட் ரூ. 4.66 லட்சம். இந்த மொத்தத் தொகைக்குள்தான் கரண்ட் பேச்சு எல்லாம் அடங்கும். சர்வர்களே இல்லாமல் போனாலும் இதற்கு மேல் மிச்சமாகாது.

இப்போது கோருக்கு வாருங்கள். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லாமே பட்டியல் விலை. உங்கள் தள்ளுபடியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பிராட்காம் கைக்குப் போனபின் விஎம்வேரில் நிரந்தர லைசென்ஸ் விற்பனை 2023 டிசம்பரோடு நின்றது. இப்போது கோர் கணக்கில் சந்தா மட்டும். விசிஎஃப் (விஎம்வேர் கிளவுட் ஃபவுண்டேஷன், அதன் முழுத் தொகுப்பு) பட்டியல் விலை ஒரு கோருக்கு வருடம் 350 டாலர், அதாவது ரூ. 29,750. இதை 134-ஆல் வகுத்துப் பாருங்கள்: 222. ஒரே ஒரு கோரின் விசிஎஃப் சந்தா, 222 வாட் வருடம் முழுக்க எரிப்பதற்குச் சமம். ஒரு கோரைக் குறைப்பதும் ஒரு சர்வரை அணைப்பதும் பணத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆரக்கிள் இன்னும் மோசம். என்டர்பிரைஸ் எடிஷன் ஒரு பிராசஸருக்கு 47,500 டாலர், ஆர்ஏசி 23,000. எக்ஸ்86-க்கு (இன்டெல், ஏஎம்டி சிப்கள்) கோர் காரணி (கோர் எண்ணிக்கையை லைசென்ஸ் எண்ணிக்கையாக மாற்றும் பெருக்கி) 0.5, எனவே இரண்டு கோருக்கு ஒரு பிராசஸர் லைசென்ஸ். வருட சப்போர்ட் 22%. ஒரு கோருக்கு மட்டும் சப்போர்ட் 7,755 டாலர், ரூ. 6.59 லட்சம். ஒரு கோரின் சப்போர்ட், உங்கள் 12 சர்வரின் மொத்த கரண்ட் பில்லைத் தாண்டுகிறது. 50% தள்ளுபடியில் வாங்கியிருந்தாலும் ரூ. 3.3 லட்சம்.

கொட்டேஷன் 2-ஐ இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆரக்கிளைப் பொறுத்தவரை விஎம்வேர் என்பது 'சாஃப்ட் பார்ட்டிஷனிங்'. விஎம்-க்கு 8 கோர் கொடுத்தாலும் அது ஓடக்கூடிய ஹோஸ்ட்களின், அதாவது விஎம்-களைத் தாங்கும் சர்வர்களின், எல்லாக் கோருக்கும் லைசென்ஸ் கேட்பார்கள். 288 கோர், 144 பிராசஸர். உங்களிடம் 32 இருக்கிறது. மீதி 112-க்கு என்டர்பிரைஸ் மட்டுமே 53.2 லட்சம் டாலர், ரூ. 45 கோடிக்கு மேல். கிடைக்கும் கரண்ட் மிச்சமோ, புது சர்வர் 450 வாட் இழுக்கும் என்று வைத்தால், வருடத்துக்கு ரூ. 2.85 லட்சம்! இதைச் சொல்லும் ஆரக்கிளின் பார்ட்டிஷனிங் ஆவணம் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று அதன் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆடிட் வந்தால் அதை வைத்துத்தான் பேச்சு தொடங்கும். கொட்டேஷன் கொடுத்தவர் அந்த மேஜையில் உட்காரப் போவதில்லை.

விஎம் கிளஸ்டருக்கு என் கணக்கு இது. 256 பழைய கோரில் உச்சம் 45%, அதாவது 115 கோர் வேலை. எபிக் 9004 வரிசையில் ஒரு கோர் உங்கள் 6130 கோரைப்போல் 1.6 மடங்கு என்று அடக்கமாக வைக்கிறேன்: 72 கோர். உச்சத்திலும் 65%-க்கு மேல் போகக்கூடாது என்றால் 111 கோர். ஒரு சர்வர் விழுந்தபின்னும் இந்த 111 மிஞ்ச வேண்டும்.

96 கோரில் 3 சர்வர் என்றால் 288-க்குச் சந்தா. ஒன்று விழுந்தால் மிஞ்சுவது 192. தேவைக்கு மேல் 81 கோர் சும்மா நிற்கிறது. 64 கோரில் 3 என்றால் 192-க்குச் சந்தா, மிஞ்சுவது 128. 32 கோரில் 5 என்றால் 160-க்குச் சந்தா, மிஞ்சுவது அதே 128. உபரிக்காக வைக்கும் சர்வர் சின்னதாக இருந்தால், சும்மா நிற்கும் கோரும் குறைவு. 288-க்கும் 160-க்கும் வித்தியாசம் 128 கோர், வருடம் ரூ. 38 லட்சம். கரண்டில் 5 சர்வர் தலா 280 வாட், 3 சர்வர் தலா 400 வாட் என்று வைத்தால் 200 வாட் கூடுதல், ரூ. 26,800. இரண்டு சர்வர் அதிகம் வாங்கும் செலவு முதல் வருடச் சந்தா மிச்சத்திலேயே அடைபடும்.

மெமரியும் இதற்கே ஒத்துவருகிறது. எபிக் 9004-ல் சாக்கெட்டுக்கு 12 சேனல். 64 ஜிபி குச்சி 12 போட்டால் 768 ஜிபி. 5 சர்வருக்கு 3.84 டிபி, ஒன்று போனாலும் 3 டிபி. 96 கோர் சர்வர் மூன்றில் அதே 768 போட்டால், ஒன்று விழுந்தவுடன் 1.5 டிபிதான் மிஞ்சும், உங்கள் 2.2 டிபி அதில் உட்காராது. அப்போது 128 ஜிபி குச்சிக்குப் போக வேண்டும், அதன் விலை 64 ஜிபி குச்சியின் இரட்டிப்போடு நிற்காது. எபிக் 9354பி பாருங்கள்: 32 கோர், அடிப்படை 3.25 கிகாஹெர்ட்ஸ், 280 வாட்.

விண்டோஸ் டேட்டாசென்டர் 256 கோர் கையில் இருக்கிறது. வால்யூம் லைசென்ஸ் என்பதால் புது சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம்; 160 கோருக்குத் தாராளம். ஆனால் எஸ்ஏ இல்லாததால் 2019-லேயே இருக்க வேண்டும், அதன் நீட்டிப்பு ஆதரவு 2029 ஜனவரியோடு முடிகிறது. 288 கோர் எடுத்தால் இதிலும் 32 கோர் புதிதாக வாங்க வேண்டும்.

எல்பார்

ஆரக்கிள் பகுதிக்கு மட்டும்.

பவர்10-க்குக் கோர் காரணி 1.0. எக்ஸ்86-ஐப்போல் இரட்டிப்பு. எனவே பவர்10 கோர் ஒன்று நீங்கள் ஒப்பிடும் எக்ஸ்86 கோர் இரண்டின் வேலையைச் செய்தால்தான் லைசென்ஸ் சமன். 2.1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் 6448ஒய் கோரோடு ஒப்பிட்டால் 8 த்ரெட் ஓட்டும் பவர்10 கோர் அந்த இடத்தை எட்ட வாய்ப்பு உண்டு. 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் எக்ஸ்86 கோர்களோடு ஒப்பிட்டால் கஷ்டம். கொட்டேஷன்களில் பவர் ஜெயிப்பதுபோல் தெரிந்தால், எதிரே நிறுத்தப்பட்ட எக்ஸ்86 எது என்று முதலில் பாருங்கள்.

பவர் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் வேறு. கேப்டு எல்பாரை (பவர் சர்வரில் கோருக்கு உச்சவரம்பு போட்டு வெட்டிய பகுதி) ஆரக்கிள் 'ஹார்டு பார்ட்டிஷன்' என்று ஏற்கிறது. ஒரு டேட்டாபேஸுக்கு 3 கோர், இன்னொன்றுக்கு 2 என்று ஒரே பெட்டியில் வெட்டி, அந்த 5-க்கு மட்டும் பணம் கட்டலாம். எக்ஸ்86-ல் நேரடியாக ஏற்றினால் சாக்கெட்டில் இருக்கும் அத்தனை கோரும் கணக்கில் வரும். பயாஸில் (சர்வரின் அடிப்படை அமைப்புத் திரை) கோரை அணைத்துவிட்டு 'எட்டுதான் ஓடுகிறது' என்று சொல்வது பொதுவான சர்வர்களில் செல்லாது. எக்ஸாடேட்டா, ஆரக்கிள் டேட்டாபேஸ் அப்ளையன்ஸ் போன்ற அவர்களுடைய பெட்டிகளுக்குத்தான் அந்தச் சலுகை. எக்ஸ்86-ல் வெட்ட வேண்டும் என்றால் ஆரக்கிள் லினக்ஸ் விர்ச்சுவலைசேஷன் மேனேஜரில் சிபியூ பின்னிங் (விஎம்-ஐக் குறிப்பிட்ட கோர்களில் கட்டிவைப்பது) ஒரு வழி. பின் செய்த விஎம்-ஐ விருப்பம்போல் ஹோஸ்ட் மாற்றி ஓடவிட முடியாது என்பது அதற்கான விலை.

உங்களுக்கு ஒரே பெரிய ஆர்ஏசி. வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஏஐஎக்ஸ் (பவர் சர்வரில் ஓடும் ஐபிஎம் ஓஎஸ்) தெரிந்த ஆளும் ஏற்கெனவே பவர் பெட்டியும் இல்லையென்றால் கொட்டேஷன் 3-ஐ விட்டுவிடுங்கள்.

என் தேர்வு எபிக் 9174எஃப், 1 சாக்கெட், 2 சர்வர். 16 கோர், அடிப்படை 4.1 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் (சிபியூவுக்குள் இருக்கும் வேக மெமரி) 256 எம்பி. உங்கள் 6130-ல் எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும்போது 2.8 கிகாஹெர்ட்ஸ், எல்3 22 எம்பி. கடிகாரத்திலேயே ஒன்றரை மடங்கு. ஒரு சுழற்சியில் செய்யும் வேலையும் கேஷும் சேர்ந்தால் ஒரு கோருக்கு இரண்டு மடங்கு அருகே வரும். கோர் 64-லிருந்து 32, லைசென்ஸ் 32 பிராசஸரிலிருந்து 16.

ஓடுமா? நோட்டுக்கு டிபி சிபியூ 14 என்றால் 14 பழைய கோர் முழு நேரம் வேலை செய்கிறது. 32 கோரில் 14 என்பதால் பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனிக் கோரில்தான் ஓடியிருக்கும். புதியதில் 7. சாதாரண நாளில் 16-ல் 7, நிம்மதி. ஒரு நோட் விழுந்தால் இரண்டின் சுமையும் ஒன்றில்: 14. 16-ல் 14 என்பது இறுக்கம். அந்த நேரத்தில் பேட்ச் ஜாப்களை நிறுத்திவைக்க ரிசோர்ஸ் மேனேஜரில் திட்டம் எழுதி வையுங்கள். இறுக்கம் பிடிக்கவில்லை என்றால் 24 கோர் 9274எஃப் இருக்கிறது. அதற்கு 24 பிராசஸர்.

ஒரு கண்ணி: 16 லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தால் சப்போர்ட் பில் பாதியாகும் என்று எழுதி வைக்காதீர்கள். ஒரே ஆர்டரில் வாங்கியதில் ஒரு பகுதியை மட்டும் விட்டால், மிச்சத்தை அன்றைய தள்ளுபடி நிலையில் மறுவிலை போடுவார்கள். 70% தள்ளுபடியில் வாங்கியது 40% கணக்குக்கு வந்தால் மிச்சம் காற்றோடு போகும். எந்த ஆர்டரில் எத்தனை என்று பிரித்துப் பார்த்து, ஒரு முழு ஆர்டரை மொத்தமாகக் கைவிட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் உபரி 16-ஐ அடுத்த ஆரக்கிள் திட்டத்துக்கு வைத்துக்கொள்வது மேல்.

ஆர்ஏசி உண்மையிலேயே வேண்டுமா என்பதையும் கேட்டுப் பாருங்கள். ஷேர்டு டிஸ்க் வைத்த ஆக்டிவ்-பாஸிவ் கிளஸ்டரில் மாற்று நோட் ஒன்று வருடத்தில் 10 நாள் வரை லைசென்ஸ் இல்லாமல் ஓடலாம். அப்படியானால் 8 பிராசஸர் போதும். டேட்டா கார்டு ஸ்டேண்ட்பைக்கு (தனி நகலோடு தயாராக நிற்கும் டேட்டாபேஸ்) இந்தச் சலுகை கிடையாது.

ரேக்கடி

இருவருக்கும் நன்றி. கொட்டேஷன் 2 போய்விட்டது. ஆனால் 9174எஃப் பற்றி விற்பனைத் தரப்பில் எதிர்ப்பு: '16 கோருக்கு 320 வாட், கோருக்கு 20 வாட், 9654-ல் 96 கோருக்கு 360 வாட், கோருக்கு 3.75. எந்த எனர்ஜி பெஞ்ச்மார்க்கிலும் இது கடைசியில்தான் வரும்' என்கிறார்கள். ஸ்பெக்பவர் (சர்வர்கள் வாட்டுக்கு எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளக்கும் பெஞ்ச்மார்க்) அட்டவணையையும் அனுப்பியிருக்கிறார்கள். அது தப்பா? எஸ்க்யூஎல் சர்வருக்கும் இதே சிபியூ போடலாமா?

வாட்மீட்டர்

அட்டவணை தப்பில்லை. நீங்கள் அதனிடம் கேட்கும் கேள்விதான் வேறு.

ஸ்பெக்பவர் எஸ்எஸ்ஜே2008 ஒரு ஜாவா வேலையை 100%-லிருந்து 10% வரை பத்துப் படியாக இறக்கி, கடைசியில் சும்மா நிற்கும் நிலையையும் அளக்கிறது. மொத்த வேலையை மொத்த வாட்டால் வகுத்து ஒரே எண் ஆக்குகிறார்கள். அந்த ஓர் எண்ணைப் பார்க்காதீர்கள். முழு அறிக்கையைத் திறந்தால் ஒவ்வொரு படிக்கும் வாட் தனியாக இருக்கும். உங்கள் விஎம் கிளஸ்டர் 20% முதல் 45%. எனவே 20, 30, 40 வரிகளும் கடைசி 'ஆக்டிவ் ஐடில்' வரியும்தான் உங்களுக்கு. கூடவே உள்ளமைப்பையும் பாருங்கள்: பெரும்பாலும் ஒரே பவர் சப்ளை, ஒரே சின்ன எஸ்எஸ்டி, குறைந்த மெமரி. உங்கள் சர்வரில் 12 குச்சி, 25ஜி கார்டு இரண்டு, என்விஎம்இ ஆறு என்று போட்டவுடன், சிபியூ தூங்கினாலும் தூங்காத வாட் பல பத்து சேர்ந்துவிடும்.

பிரசுரத்தில் வரும் சதவீதத்துக்கும் இதே வைத்தியம்தான், அடிக்குறிப்பைப் படியுங்கள். 2022-ல் ஐபிஎம் லினக்ஸ்ஒன் எம்பரர் 4 வந்தபோது '75% மின்சாரம் குறைவு' என்றார்கள். அடிக்குறிப்பில் ஒப்பீடு 5 லினக்ஸ்ஒன் பெட்டிகளுக்கும் 192 எக்ஸ்86 சர்வர்களுக்கும் இடையே. அந்த எக்ஸ்86-கள் இன்டெலின் கேஸ்கேட் லேக், ஐஸ் லேக் தலைமுறை. கணக்கு பொய் இல்லை. 192 சர்வர் இல்லாதவருக்கு அது விடை இல்லை, அவ்வளவுதான்.

9174எஃப்-க்கு: 320 வாட்டை வருடம் முழுக்க எரித்தாலும் ரூ. 42,880. கோருக்கு வாட் என்ற கணக்கு, கோர் இலவசமாக இருக்கும் இடத்தில் செல்லும். ஆரக்கிள் சர்வரில் கோர் இலவசம் இல்லை. டிடிபி (அந்த 320 வாட் போல, சிபியூவுக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் வெப்ப அளவு) என்பது சராசரி இழுவையும் இல்லை. 45% சுமையில் முழு சர்வரும் 330 வாட் பக்கம் நிற்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அளப்பதைப் பற்றி. பிஎம்சியின் 290 வாட் ஒரு நாள் சராசரியா, அந்த நொடியின் எண்ணா? ஐபிஎம்ஐ டூலில் (பிஎம்சியோடு பேசும் மென்பொருள்) டிசிஎம்ஐ பவர் ரீடிங் கட்டளை கொடுத்தால் நொடி மதிப்பு, குறைந்தது, கூடியது, சராசரி என நான்கும், எத்தனை நேரத்துக்கான சராசரி என்பதும் வரும். மாதக் கடைசி உள்ளே வரும்படி 30 நாள், 5 நிமிடத்துக்கு ஒன்று எடுத்து வையுங்கள். ஒரு சர்வரின் இரண்டு பவர் கார்டையும் அளவு காட்டும் பிடியூவில் (ரேக்கின் மின் பலகை) சொருகி ஒப்பிடுங்கள். சிபியூவின் உள் கவுண்டரை மட்டும் படிக்கும் மென்பொருள்களை இதற்கு நம்ப வேண்டாம். விசிறி, டிஸ்க், பவர் சப்ளை இழப்பு எதுவும் அதில் வராது.

பியூஇ 1.7-ஐ மிச்சத்துக்கு அப்படியே பெருக்குவதும் பிழை. யுபிஎஸ்ஸின் நிலையான இழப்பு, விளக்கு, ஒரே வேகத்தில் சுற்றும் ஏசி ப்ளோயர் எல்லாம் சர்வர் குறைந்தாலும் குறையாது. மிச்சத்தைக் கணக்கிடும்போது 1.3 வைத்துப் பாருங்கள். நிஜத்துக்குக் கிட்டே வரும். டிமாண்ட் சார்ஜும் (ஒப்பந்தச் சுமைக்கான கட்டணம்) தானாகக் குறையாது, ஒப்பந்த கேவிஏ-வைக் குறைத்து எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

வாங்கும்போதே செய்யக்கூடியவை சில. 280 வாட் இழுக்கும் சர்வருக்கு 1,400 வாட் பவர் சப்ளை இரண்டு போட்டு அனுப்புவார்கள். ஆளுக்கு 140 வாட், 10% சுமை. 80 பிளஸ் (பவர் சப்ளையின் திறனுக்கான தரச்சான்று) பிளாட்டினத்தில் 10% சுமைக்கு வரையறையே கிடையாது. டைட்டானியத்தில் 90% கட்டாயம். 800 வாட் டைட்டானியம் கேளுங்கள். திறன் 88-லிருந்து 92-க்கு ஏறினால் சர்வருக்கு 12-14 வாட், 1.3 வைத்தால் வருடம் ரூ. 1,300 சுமார். சின்னத் தொகை, ஆனால் ஆர்டரில் ஒரு வரியை மாற்றும் வேலை.

பயாஸில் விஎம் சர்வர்களுக்கு 'மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்' ப்ரொஃபைலோடு வந்தால் மாற்றுங்கள். பவர் கட்டுப்பாட்டை ஓஎஸ் கையில் கொடுத்து, இஎஸ்எக்ஸ்ஐ-யில் (ஹோஸ்டில் ஓடும் விஎம்வேர் மென்பொருள்) 'பேலன்ஸ்டு' வையுங்கள். ஹோஸ்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் பி-ஸ்டேட் (சிபியூவின் வேகப் படிகள்), சி-ஸ்டேட் (சிபியூ தூங்கும் படிகள்) இரண்டும் தெரிகிறதா பாருங்கள்; பி-ஸ்டேட் இல்லையென்றால் பயாஸ் இன்னும் விடவில்லை என்று அர்த்தம். 9354பி-யின் சிடிடிபி (நாம் மாற்றி வைக்கக்கூடிய டிடிபி) 240 முதல் 300 வாட் வரை. 240-ல் வைத்து மாதக் கடைசியை ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியாவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம். டேட்டாபேஸ் சர்வரில் மட்டும் ஆழமான சி-ஸ்டேட்டை அணைத்து வையுங்கள். அங்கே தாமதம்தான் முக்கியம்.

சாக்கெட்சாமி

எஸ்க்யூஎல் சர்வருக்கும் அதே 9174எஃப் போடலாம். இங்கே கோர் காரணி எதுவும் இல்லை. எந்தச் சிபியூ ஆனாலும் ஒரு கோர் ஒரு கோர்தான். 2022 என்டர்பிரைஸ் இரண்டு கோர் பேக் 15,123 டாலர். எஸ்ஏ சுமார் 25%, கோருக்கு வருடம் 1,890 டாலர். 32 கோரிலிருந்து 16-க்கு இறங்கி, 16 கோரின் எஸ்ஏவைப் புதுப்பிக்காமல் விட்டால் வருடம் ரூ. 25.7 லட்சம். அந்த 16 கோர் லைசென்ஸ் உங்களுடையதாகவே இருக்கும். எஸ்ஏ முடிந்த தேதியின் வெர்ஷனில் நின்றுவிடும், அவ்வளவே.

பாஸிவ் சர்வருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது முதன்மை சர்வரின் எஸ்ஏவால் வரும் உரிமை. பேக்கப், கன்சிஸ்டன்ஸி செக் அங்கே ஓட்டலாம். யாராவது ஒரு ரிப்போர்ட்டை அங்கே திருப்பிவிட்டால் அது பாஸிவ் இல்லை. முழு 16 கோருக்கும் கட்ட வேண்டும். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்குகளில் ரீட்-ஒன்லி இன்டென்ட் (படிக்கும் வேலையைப் பாஸிவ் சர்வருக்குத் திருப்பும் அமைப்பு) இருக்கிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள். பலரும் வழுக்குவது இங்கேதான்.

என்டர்பிரைஸ் தேவையா என்பதையும் பார்க்கலாம். 2022 ஸ்டாண்டர்டு இரண்டு கோருக்கு 3,945 டாலர், 24 கோர் வரை ஓடும், பஃபர் பூல் (டேட்டாவை வைத்திருக்கும் மெமரி) 128 ஜிபி வரை. அவெய்லபிலிட்டி குரூப்பில் (சேர்ந்தே மாற்று சர்வருக்குப் போகும் டேட்டாபேஸ் தொகுதி) ஒரு குரூப்புக்கு ஒரு டேட்டாபேஸ் மட்டும். டேட்டாபேஸ் ஐந்தாறுதான் என்றால் யோசிக்கலாம். ஐம்பது என்றால் பராமரிப்பிலேயே நொந்துபோவீர்கள்.

இனி கோர்எண்ணியோடு ஒரு சின்னச் சண்டை. 32 கோரில் 5 என்ற கணக்கு விஎம்வேரில் இருக்கும் வரைதான் சரி. அடுத்த புதுப்பிப்பில் அதை விட்டுப் போகும் எண்ணம் இருந்தால் கணக்கு தலைகீழ். ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம்வேருக்கு ஒரு மாற்று) சந்தா சாக்கெட்டுக்கு. 32 கோர் ஆனாலும் 96 ஆனாலும் ஒரே விலை. ரெட் ஹாட், சூசே லினக்ஸ் சந்தாக்கள் இரண்டு சாக்கெட் வரை ஒன்று. 1 சாக்கெட் சர்வரில் போட்டால் பாதி வீண். அந்த உலகத்தில் 5 சின்னப் பெட்டி என்றால் 5 சந்தா, 3 பெரிய பெட்டி என்றால் 3. அங்கேதான் வாட்டுக்கு வேலை என்ற அட்டவணை தன் வேலையைச் செய்யும், 9654 ராஜா.

எனவே முதலில் விஎம்-களை எண்ணுங்கள். லினக்ஸ் விஎம் எத்தனை, விண்டோஸ் எத்தனை? லினக்ஸ் பாதிக்கு மேல் என்றால் இரண்டு கிளஸ்டர் போடலாம்: விண்டோஸ் மட்டும் கோர் கணக்குள்ள சின்ன கிளஸ்டரில், லினக்ஸ் எல்லாம் சாக்கெட் கணக்குள்ள பெரிய பெட்டிகளில். கலந்து வைத்தால், விண்டோஸ் டேட்டாசென்டருக்கு எல்லா ஹோஸ்டின் எல்லாக் கோரும் கணக்கில் வரும்.

கோர்எண்ணி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருடச் சந்தா கையெழுத்தாகிவிட்டால் அந்த மூன்று வருடமும் கோர்தான் பேசும். இன்னொன்று, கோரைக் குறைக்கும் ஆசையில் 8 கோர் சிபியூவுக்குப் போய்விட வேண்டாம். விஎம்வேர் சந்தாவில் சிபியூவுக்குக் குறைந்தது 16 கோர். விண்டோஸில் சிபியூவுக்கு 8, சர்வருக்கு 16. 16 கோர் 1 சாக்கெட்தான் எல்லா விதிகளும் சந்திக்கும் புள்ளி. 8 கோர் இரண்டு போட்டால் விஎம்வேரில் 32-க்குக் கட்ட வேண்டும்.

ரேக்கடி

விண்டோஸ்தான் அதிகம், விஎம்வேர் சந்தாவும் மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கப் போகிறோம். எனவே: 9354பி 5, ஆரக்கிளுக்கு 9174எஃப் 2, எஸ்க்யூஎல்லுக்கு 9174எஃப் 2. மொத்தம் 9. வாட்மீட்டர் சொன்னபடி 5 × 280 + 4 × 330 = 2,720 வாட். பழையது 3,480. 760 வாட்தான் மிச்சம், 1.3 வைத்தால் வருடம் ரூ. 78,000. விற்பனைத் தரப்பு சொன்ன 60% எங்கே, இது எங்கே! ஆனால் கோர் 384-லிருந்து 224. ஆர்டருக்கு முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

வாட்மீட்டர்

9174எஃப்-ஐ 1யூ-வில் (ரேக்கில் ஒரு தட்டு உயரப் பெட்டி) போடாதீர்கள். 320 வாட்டை ஒரு சின்ன ஹீட்சிங்க் வழியாக வெளியேற்ற 1யூ-வின் குட்டி விசிறிகள் உச்ச வேகத்தில் அலறும். விசிறி இழுக்கும் வாட் வேகத்தின் மூன்றாம் மடியில் ஏறும். வேகம் 20% குறைந்தாலே இழுவை பாதியாகிறது. 2யூ-வில் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றும். தயாரிப்பாளரின் வெப்ப அட்டவணையில் இந்தச் சிபியூவுக்கு உள்ளே வரும் காற்று எத்தனை டிகிரி வரை அனுமதி என்று பாருங்கள்; சாதாரணமாக 35 என்றிருப்பது இப்படிப்பட்ட சிபியூவுக்குக் குறையும். அறையை 27-க்கு மேல் விடாதீர்கள். விசிறியும் சர்வரின் வாட்டில் அடங்குவதால், அறையைச் சூடாக்கினால் பியூஇ அழகாகக் காட்டும், பில் குறையாது.

எல்பார்

மாற்றும் காலத்தைத் திட்டத்தில் எழுதினீர்களா? பழைய ஆர்ஏசியும் புதியதும் ஒன்றாக ஓடும் நாட்களில் இரண்டுக்கும் லைசென்ஸ் வேண்டும். பழையது 32, புதியது 16, மொத்தம் 48 பிராசஸர்; கையில் 32. வழி இது: முதலில் பழைய கிளஸ்டரிலிருந்து ஒரு நோட்டை எடுங்கள், 16 விடுபடும். எடுத்த நோட்டில் ஆரக்கிள் மென்பொருளை நீக்கி, தேதியோடு பதிவு வைத்து, அதன்பின் புதிய இரண்டையும் ஏற்றுங்கள். அந்த நாட்களில் பழைய ஒற்றை நோட் 28 டிபி சிபியூவை 32 கோரில் தாங்க வேண்டும். எனவே மாதக் கடைசியைத் தவிர்த்து, 5-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள்.